படப் புத்தகத்தில் ஏழு தெரிகிறது, கையில் நாலு தெரியவில்லை: எப்படி வாசிப்பது?

வேப்பம்பூ கேட்டது:

வணக்கம். எல்.கே.ஜி. வகுப்பு, 22 பிள்ளைகள், நாலு முதல் ஐந்து வயது. இருபது வரை எல்லாரும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். "நாலு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்றால் பாதிப் பேர் கை நிறைய அள்ளித் தருகிறார்கள். பக்கத்துக்கு ஓர் எண் என்று பத்து வரை போகும் படப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் "எத்தனை?" என்று கேட்டால் டக்கென்று சரியாகச் சொல்கிறார்கள். அதே ஏழு பொருளைத் தரையில் வைத்துக் கேட்டால் முழிக்கிறார்கள். புத்தகம் சரியில்லையா, வாசிக்கும் முறை சரியில்லையா? ஒரு புத்தகத்தை எத்தனை நாள் ஓட்டலாம்?

சோழி:

பிள்ளைகள் படத்தை எண்ணவில்லை டீச்சர், பக்க வரிசையை மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆறாம் பக்கத்துக்கு அடுத்தது ஏழு, அவ்வளவுதான். வேண்டுமானால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, அச்சிட்ட எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

புத்தகத்தை எடுக்கும் முன் யார் எந்த எண் வரை நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். கிண்ணத்தில் பத்துக் கொட்டை, பக்கத்தில் ஒரு தட்டு. "தட்டுல ஒண்ணு வை." வைத்தால் அடுத்தது ரெண்டு, பிறகு மூணு. தவறினால் ஒன்று குறைத்துக் கேளுங்கள். ஒரே எண்ணை மூன்று தடவை கேட்டு இரண்டு தடவை சரியாக வந்தால் அது தெரியும் என்று கொள்ளலாம். ஒரு சூட்சுமம்: "மூணு" கேட்டபோதும் இரண்டைத்தான் வைக்கிறான் என்றால் அவனுக்கு இரண்டும் தெரியாது. ஆளுக்கு மூன்று நிமிடம் போதும், ஒரு வாரத்தில் எல்லாரையும் பார்த்துவிடலாம். இரண்டு வரை, நாலு வரை, ஐந்தும் மேலும் என்று மூன்று கும்பலாகப் பிரியும். முதல் கும்பலிடம் ஏழாம் பக்கத்தைக் காட்டுவதில் பயனில்லை. ஒன்று தெரிந்த பிள்ளை இரண்டுக்கு வரவே மாதக்கணக்கில் ஆகலாம்.

வாசிப்பதற்கு நான்கு நாள். முதல் நாள் வெறும் கதை, ஒரு கேள்வியும் வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் "எத்தனை?" என்று கேட்டால் கதையும் செத்துப்போகும், கணக்கும் வராது. இரண்டாம் நாள் ஒரே ஒரு பக்கம். "மூணு வாத்து இருக்கு" என்று மொத்தத்தை முதலில் சொல்லுங்கள். உடனே அதே படத்தில் விரல் வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு". முடித்ததும் மூன்றையும் சேர்த்துக் கையால் ஒரு வட்டம் போட்டு, "மூணு வாத்து". இந்தக் கைவட்டத்தை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் "மூணு" என்பது கடைசி வாத்தின் பெயர் என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். எண்ணி முடித்த பிள்ளையிடம் "அப்போ எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் நாள் வாத்துக்கு ஒன்றாகக் கொட்டையைப் படத்தின் மேல் வைக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டு, கொட்டைகளை மட்டும் தரையில் வரிசையாக அடுக்குங்கள். படத்திலிருந்த மூணு தரைக்கு இறங்குவது இங்கேதான். நாலாம் நாள் ஒட்டிப் பிரிக்கும் மஞ்சள் சீட்டால் ஒரு வாத்தை மறையுங்கள். "மூணு வாத்துல ரெண்டுதான் தெரியுது, எத்தனை ஒளிஞ்சிருக்கு?" இதற்குப் பதில் வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நடமாடும் இடமென்றால் கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள், விழுங்கியும் விடுவார்கள். பெரிய டப்பா மூடிகள் போதும்.

திண்ணை_அணில்:

முறை இருக்கட்டும், புத்தகத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எட்டாம் பக்கத்தில் எட்டுப் பட்டாம்பூச்சி வரைந்துவிட்டு, ஓர அலங்காரத்தில் ஒன்பதாவதை வைத்திருப்பார்கள். ஒன்பது என்று சொன்ன பிள்ளைதான் சரி. திட்டு வாங்குவதும் அதுதான்!

அதைவிட மோசம் நடு மடிப்பு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த யானை மடிப்பில் பாதியாகி, முன்பாதி ஒன்று பின்பாதி ஒன்று என்று இரண்டு யானையாக எண்ணப்படும். ஒன்றை ஒன்று மறைத்து நிற்கும் உருவங்களும் ஆரம்பத்தில் வேண்டாம். வாங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே எண்ணிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

முதலில் ஒரே வரிசையில் நிற்கும் படம், அது கைவந்தபின் சிதறிக் கிடப்பது, கடைசியில்தான் வட்டம். வட்டத்தில் எங்கே ஆரம்பித்தோம் என்பதை மறந்து பிள்ளை சுற்றிக்கொண்டே இருக்கும். தொடங்கும் உருவத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் தீர்ந்தது.

22 பேரை ஒன்றாக உட்கார வைத்து ஏ4 அளவுப் புத்தகத்தைக் காட்டினால் பின்வரிசைக்கு வெறும் வண்ணம்தான் தெரியும். ஒரு தடவைக்கு ஆறேழு பேர், பத்து நிமிடம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வாசிப்பு நிலை நான்கு உண்டு, உங்களுக்கு நிலை 1 போதும்.

'எண்கள்' என்று அட்டையில் போட்ட புத்தகத்தையே தேட வேண்டியதில்லை. யாராவது எதையாவது பங்கு போடும் கதை கிடைத்தால் விடாதீர்கள். தட்டில் 12 பணியாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஆறு, கதவு தட்டி மூன்றாமவர் வந்தால் நாலு, நாலாமவர் வந்தால் மூன்று. ஐந்தாவது ஆள் வரும்போது ஆளுக்கு இரண்டு போக இரண்டு மிஞ்சும். அந்த இரண்டை என்ன செய்வது என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள்.

பத்துக்கட்டு:

சோழி சொன்னதில் ஒரு திருத்தம். மொத்தத்தை முதலில் சொல்வது இரண்டு மூன்றில் நிற்கும் பிள்ளைகளுக்கு. ஐந்தைத் தாண்டியவர்களிடம் மொத்தத்தைச் சொல்லிவிட்டால் எண்ண வேண்டிய அவசியமே போய்விடும். பக்கத்தை இரண்டு விநாடி காட்டி மூடி, "எத்தனை இருக்கும்?" என்று ஊகிக்கச் சொல்லி, பிறகு திறந்து எண்ணச் சொல்லுங்கள். மூன்று வரை எண்ணாமலே கண்ணுக்குப் பிடிபடும், அதற்கு மேல் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வந்தபிறகுதான் எண்ணுவது எதற்கு என்று புரியும்.

அடுத்தது மொழி. புத்தகத்தில் "இரண்டு பூனைகள்" என்று அச்சிட்டிருக்கும். வீட்டில் "ரெண்டு பூனை". எண் பிடிபடும் வரை வாயில் வருகிறபடியே வாசியுங்கள். "ஒரு பூனை" என்பதிலிருக்கும் "ஒரு"வும் எண்ணும்போது வரும் "ஒண்ணு"ம் ஒன்றுதான் என்பது பெரியவர்களுக்குத்தான் வெளிச்சம், பிள்ளைக்கு இல்லை. "ஒரு பூனை, ஒண்ணே ஒண்ணு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள்.

பத்தைத் தாண்டினால் தமிழே பாதி வேலையைச் செய்துகொடுக்கும். பதிமூணு என்றால் பத்தும் மூணும். பத்து மூடி ஒரு வரிசை, கீழே மூன்று மூடி, படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னால் காதிலேயே விழும். பன்னிரண்டில் மட்டும் பத்து கொஞ்சம் ஒளிந்திருக்கும். தொல்லை ஒன்பதில்தான். இருபது, முப்பது போல அதுவும் "பது" என்று முடிவதால், பத்துப் பத்தாக எண்ணும்போது எண்பதுக்கு அடுத்து "ஒன்பது" என்று வரும். தொண்ணூறு என்றால் நூறு காதில் விழும். அது யு.கே.ஜி. தலைவலி, இப்போதைக்கு விடுங்கள்.

வேப்பம்பூ:

மூவருக்கும் நன்றி. என் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் மடிப்பில் வெட்டுப்பட்ட யானை இருக்கிறது! வடிவம், பெரிது சிறிது, அரை, கால் இதெல்லாம் வரும் பக்கங்களையும் இப்படித்தான் செய்வதா?

சோழி:

வடிவத்துக்குப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். முக்கோணத்தை எப்போதும் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படியே வரைகிறார்கள். முனை கீழே வந்தால் "இது முக்கோணம் இல்ல" என்பார்கள். சதுரத்தைச் சாய்த்தால் டைமண்ட் ஆகிவிடும். பக்கங்களை விரலால் தடவி எண்ணச் சொல்லுங்கள்.

பெரிது சிறிதுக்குப் படம் ஏமாற்றும். தூரத்து யானை முன்னால் நிற்கும் எலியைவிடச் சின்னதாக இருக்கும். "யானை பெருசா, யானைப் படம் பெருசா?" என்று பிரித்துக் கேளுங்கள். படத்தை நூலால் அளக்கலாம்.

"கால் தோசை" என்றதும் தோசைக்கு ஏது கால் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வட்டக் காகிதத்தை இரண்டாக, மறுபடி இரண்டாக மடித்துப் பிரித்து, கோட்டோடு கிழித்துப் படத்தின் மேல் அடுக்கச் சொல்லுங்கள். கோணலாகக் கிழிந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். "இது காலா?" என்று கேட்க அதுதான் வேண்டும்.