ஜூரி தேர்வில் "நியாயமாக நடப்பீர்களா?" என்று கேட்டால் சாய்வு வெளியே வருமா?

கரிசல்மண்:
அமெரிக்க குற்ற வழக்குகளில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்களான ஜூரர்களை உட்கார வைக்கும் முன் நடக்கும் விசாரிப்பு (வ்வார் டீர் என்கிறார்கள்) பற்றி இரண்டு சந்தேகம். ஒன்று, தன் மனசில் இருக்கும் முன்முடிவை யார்தான் கோர்ட்டில் ஒப்புக்கொள்வார்கள்? இரண்டு, இப்படித் துருவித் துருவிக் கேட்பதே புதுசாக ஒரு சாய்வை உண்டாக்கிவிடாதா? நடைமுறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மணல்மேடு:
முதல் சந்தேகம் நியாயமானது. "நியாயமாக நடப்பீர்களா?" என்ற கேள்வியிலேயே பதிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கி போட்ட நீதிபதியிடம் "மாட்டேன்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளை நீக்க இரண்டு வழி. காரணம் காட்டி நீக்குவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆனால் நீதிபதி ஒத்துக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லாமல் நீக்குவதற்குக் கணக்கு உண்டு. ஃபெடரல் கோர்ட்டில் பெருங்குற்ற வழக்கென்றால் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு 10, அரசுத் தரப்புக்கு 6. மரண தண்டனை கேட்கும் வழக்கில் இரண்டு தரப்புக்கும் 20. மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் கணக்கு மாறும்.

சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

நீதிபதி: உங்கள் தம்பி போலீஸில் இருக்கிறார். போலீஸ் சாட்சியைக் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன் என்றீர்கள்.
ஜூரர்: ஆமாம்.
நீதிபதி: எல்லாச் சாட்சியையும் ஒரே தராசில்தான் எடை போட வேண்டும் என்று நான் சொன்னால் அதன்படி நடப்பீர்கள் அல்லவா?
ஜூரர்: நடப்பேன்.

முடிந்தது. நாலே வரியில் ஆள் "சரியாகிவிட்டார்". தொழிலில் இதற்கு ரீஹாபிலிடேஷன் என்றே பெயர். காரணம் காட்டி நீக்கக் கேட்டது தள்ளுபடி. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் இவருக்காகத் தன் பத்தில் ஒன்றைச் செலவழிக்க வேண்டும்.

அதனால் கேள்வியின் வரிசை முக்கியம். "போலீஸ்காரர் ஒன்று சொல்கிறார், தெருவில் போனவர் வேறொன்று சொல்கிறார். வேறு ஆதாரம் இல்லை. யார் சொல்வது முதலில் உங்களுக்கு எடுபடும், ஏன்?" என்று திறந்துவிட வேண்டும். பதில் வந்ததும் திருத்தக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. அவர் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்லி, "வேறு யாருக்கு இப்படித் தோன்றுகிறது?" என்று அறையைக் கேட்க வேண்டும். ஒருவர் சொன்னபிறகு மற்றவர்கள் கை தூக்கக் கூச்சப்பட மாட்டார்கள். பிறகு அதே ஆளிடம் வந்து, "இந்த எண்ணம் எத்தனை வருஷமாக? ஒருவர் 'அப்படி நினைக்காதீர்கள்' என்றால் போய்விடுமா?" என்று கேட்டு, நீதிபதி ரீஹாபிலிடேஷனுக்கு வரும் முன்பே பதிலை உறுதியாக்கிவிட வேண்டும்.

கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. தூக்கிய கை பதிவேட்டில் ஏறாது. சுருக்கெழுத்தர் பேச்சைத்தான் எழுதுவார். "4, 11, 23 எண் ஜூரர்கள் கை தூக்கினார்கள்" என்று வக்கீல் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அப்பீலில் அந்தக் கைகள் இல்லவே இல்லை.

டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இன்னும் கெடுபிடி. காரணம் காட்டி நீக்கக் கேட்டதை நீதிபதி தவறாக மறுத்தார் என்று அப்பீலில் சொல்ல வேண்டுமானால், அந்த ஆளைத் தன் கணக்கிலிருந்து நீக்கியிருக்க வேண்டும், கையிலிருந்த அத்தனையையும் தீர்த்திருக்க வேண்டும், கூடுதலாகக் கேட்டு மறுக்கப்பட்டிருக்க வேண்டும், வேண்டாத இன்னார் ஜூரியில் உட்கார்ந்துவிட்டார் என்று சுட்டியும் காட்டியிருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் வாதம் போச்சு.

யார் கேட்கிறார்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. சூசன் ஜோன்ஸ் 1987இல் வெளியிட்ட சோதனையில், முன்பு எழுதிக்கொடுத்த கருத்தை, வக்கீல் கேட்டபோது மாற்றிச் சொன்னதைவிட நீதிபதி கேட்டபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு மாற்றிச் சொன்னார்கள். நீதிபதிக்குப் பிடித்த பதிலைத் தேடுவது மனித இயல்பு.

ஆடிக்காற்று:
மணல்மேடு சொன்னதற்குச் சரியான உதாரணம் 1961இன் இர்வின் எதிர் டவுட் வழக்கு. இண்டியானாவில் 430 பேரைக் கேட்டார்கள். 268 பேரை, குற்றவாளிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்பதற்காகவே அனுப்பினார்கள். கடைசியில் உட்கார்ந்த 12 பேரில் 8 பேருக்கும் அதே எண்ணம். ஆனாலும் எல்லோரும் "நியாயமாக நடப்போம்" என்றார்கள்! உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

பத்திரிகைச் செய்தி விஷயத்தில் "ஏதாவது படித்தீர்களா?" என்பதோடு நிறுத்துவது பாதி வேலை. "என்ன படித்தீர்கள்?" என்று கேட்டால்தான் தெரியும். பழைய குற்றப் பதிவைப் படித்தாரா, ஜூரிக்குக் காட்டவே அனுமதியில்லாத வாக்குமூலத்தைப் படித்தாரா? ஆனால் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை என 1991இல் மூமின் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 5-4 என்று பிரிந்து தீர்ப்பு வந்தது. பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு வழக்கிலும் இதே கேள்விதான். 1,373 பேருக்கு 100 கேள்விகள் கொண்ட படிவம், 256 பேரைக் கூப்பிட்டு மூன்று வாரம் தனித்தனி விசாரிப்பு. "என்ன பார்த்தீர்கள்" என்பதை மட்டும் நீதிபதி படிவத்தில் சேர்க்கவில்லை. அப்பீல் கோர்ட் 2020இல் மரண தண்டனையை நீக்கியது, 2022இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று திரும்பக் கொண்டுவந்தது. எனக்கு அப்பீல் கோர்ட் பக்கம்தான் சரி என்று படுகிறது. நூறு கேள்வி கேட்க நேரம் இருந்தவர்களுக்கு இந்த ஒன்றைக் கேட்க என்ன தடை?

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு: ஆமாம், உண்டாக்கும். மரண தண்டனை வழக்கில் "தேவைப்பட்டால் மரண தண்டனைக்கு வாக்களிக்க முடியுமா?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார்கள். முடியவே முடியாது என்பவர்கள் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? கிரேக் ஹேனி 1984இல் ஒரே மாதிரி ஆட்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார். இந்தக் கேள்விகளைக் கேட்டு உட்கார்ந்திருந்த பிரிவு, கேட்காத பிரிவைவிடக் குற்றவாளி என்று சொல்லச் சாய்ந்தது. காரணம் எளிது. இன்னும் ஒரு சாட்சிகூட வரவில்லை, அதற்குள் தண்டனை என்ன என்று நாள்பூராவும் பேச்சு. அப்படியானால் குற்றம் உறுதிதான் போல என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இன்னொரு ஆபத்து, பொதுவில் கேட்பது. நிரம்பிய அறையில் ஒருவர் எழுந்து "இந்த ஆள் முன்பும் உள்ளே போனவர்தானே" என்று சொல்லிவிட்டால் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. அதனால் ஊடகச் செய்தி, பாலியல் குற்ற அனுபவம் போன்றவற்றை எழுத்துப் படிவத்திலோ நீதிபதி மேடை அருகே தனியாகவோதான் கேட்க வேண்டும்.

கரிசல்மண்:
நன்றி இருவருக்கும். இனச் சாய்வுக்கு இது எப்படி வேலை செய்கிறது? பேட்சன் தீர்ப்புக்குப் பிறகு இனத்தைப் பார்த்து நீக்க முடியாது அல்லவா?

மணல்மேடு:
சட்டப்படி முடியாது. 1986இலிருந்து மூன்று படி: எதிர்த்தரப்பு ஆட்சேபித்துச் சந்தேகத்துக்கு அடிப்படை காட்ட வேண்டும், நீக்கியவர் இனம் சாராத காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் உண்மையா சாக்கா என்று நீதிபதி முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் படியைத் தாண்டுவது சுலபம். "கண்ணைப் பார்த்துப் பேசவில்லை" என்றாலே போதும்.

சாக்கு எங்கே அகப்படும் என்றால், கேள்விகளை எண்ணிப் பார்க்கும்போது. மிசிசிப்பியின் ஃபிளவர்ஸ் வழக்கு ஆறு முறை விசாரணைக்கு வந்தது. ஆறாவது முறை, நீக்கப்பட்ட 5 கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்டது மொத்தம் 145 கேள்வி. உட்கார்ந்த 11 வெள்ளையரிடம் மொத்தம் 12. துருவினால் யாரிடமும் ஏதாவது கிடைக்கும், துருவாதவரிடம் ஒன்றும் கிடைக்காது. பிறகு "இவருக்குச் சாட்சியைத் தெரியும், அதனால் நீக்கினேன்" என்று காரணம் தயார். 2019இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தண்டனையை ரத்து செய்தது.

ஆகவே வக்கீல் செய்ய வேண்டியது: யாரிடம் எத்தனை கேள்வி என்று உடனுக்குடன் குறிப்பது, அதே பதிலைச் சொல்லியும் நீக்கப்படாத வெள்ளை ஜூரரின் எண்ணைக் காட்டுவது, ஒவ்வொருவரின் இனத்தையும் பதிவில் சொல்வது. ஜூரி சத்தியம் எடுப்பதற்கு முன் ஆட்சேபிக்க வேண்டும். பிறகு வாய் திறந்தால் காலம் கடந்துவிட்டது என்பார்கள்.

பனங்காடு:
இவ்வளவு பாடு எதற்கு, காரணம் சொல்லாமல் நீக்குவதையே எடுத்துவிட்டால் என்ன? அரிசோனா 2022 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. இங்கிலாந்து 1988 சட்டத்திலேயே, கனடா 2019இல்.

ஆடிக்காற்று:
எடுக்கலாம், ஆனால் அப்போது முழுப் பாரமும் கேள்வி மேல் விழும். அரிசோனா கூடவே விசாரிப்பு விதிகளையும் விரிவாக்கியது அதற்காகத்தான். மேலே உள்ள நாலு வரி ரீஹாபிலிடேஷனை வைத்துக்கொண்டு நீக்கும் உரிமையை மட்டும் எடுத்தால், அந்தப் போலீஸ்காரரின் அண்ணன் ஜூரியிலேயே உட்கார்ந்திருப்பார்.

வடமராட்சி:
இலங்கையில் இந்தக் கேள்வி கேட்கும் முறை இல்லை, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எந்த மொழி பேசும் யூரி வேண்டும் எண்டு தெரிவு செய்யலாம். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கிலை பாதிக்கப்பட்ட தரப்பு யூரி முறையை ஆட்சேபித்தும் எடுபடேல்லை. சிங்கள மொழி பேசும் ஏழு யூரிகள் 2016 டிசம்பரிலை ஐந்து எதிரிகளையும் விடுதலை செய்தவை. அந்த ஏழு பேரிட்டை "இந்த வழக்கைப் பற்றி என்ன கேள்விப்பட்டனீங்கள்?" எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.