கிடா வெட்டைப் பிள்ளைகள் பார்க்கலாமா?

வைகைக்கரையான்:
போன வாரம் குலசாமி கோயிலில் அக்காவின் சின்ன மகனுக்குக் காதுகுத்து. நேர்ந்துவிட்ட கிடாயை ஒரு வருடமாகத் தழை ஒடித்துப் போட்டு வளர்த்தது பெரியவன், பத்து வயது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், கிடா உடம்பைச் சிலுப்பியது, 'சாமி உத்தரவு கொடுத்திருச்சு' என்றார்கள். பையன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். உறவுக்காரர் ஒருவர் அந்தக் கையை விலக்கி, 'ஆம்பளப் பிள்ளைதானே, பாருடா' என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பதினெட்டு வயது ஆகாதவர்களை அந்த இடத்துக்கே விடக் கூடாது என்பேன். இரக்கம் மரத்துப் போகாதா?

கரிசல்காடு:
தம்பி, நான் ஏழு வயதிலிருந்து பார்க்கிறேன், மரத்துப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் பிள்ளைகள் நிற்கிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003ல் ஜெயலலிதா அரசு தூசி தட்டி எடுத்தது. கோயிலில் வெட்டினால் குற்றம், கறிக்கடைகள் திறந்துதான் இருந்தன. மறு வருடம் சட்டத்தையே நீக்கினார்கள். ஆடு சாவது யாருக்கும் உறுத்தவில்லை, எங்கள் சாமிக்குச் சாவதுதான் உறுத்தியது.

பூங்கொடி:
அண்ணா, கடையில் தொங்குகிற ஆட்டைப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மத வழக்கப்படி கொல்வது குற்றமில்லை என்று 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவே சொல்கிறது, சரி. அது பெரியவர்களின் வழக்கு. எனக்கு அரிவாளைவிட அந்தச் சிரிப்புதான் பயமாக இருக்கிறது. அழுதால் கேலி செய்வார்கள் என்று தெரிந்துகொண்ட பையன் அடுத்த வருடம் அழ மாட்டான். இன்னொருவன் அழும்போது இவனும் சேர்ந்து சிரிப்பான்.

கரிசல்காடு:
கையை விலக்கியது தப்புதான் தங்கச்சி, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் வீட்டில் கிடாயை வளர்த்த பிள்ளைக்கு அந்தக் கறியைப் போட மாட்டோம், அவனுக்கு அன்றைக்கு ரசம்தான். வெட்டுகிற நேரத்தில் அப்பத்தா கிணற்றடிக்குக் கூட்டிப் போய்விடும்.

வைகைக்கரையான்:
அப்பத்தா செய்வதைத்தானே அண்ணே நானும் சொல்கிறேன்!

கரிசல்காடு:
அப்பத்தா கூப்பிடுவது வேறு, வயதை வைத்து நீங்கள் தடை போடுவது வேறு. போன ஆடியில் எங்கள் சின்னவன் கிணற்றடிக்கு வரமாட்டேன் என்று கிடாய்ப் பக்கத்திலேயே நின்றான். கடைசிவரை கயிற்றை விடவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?