டென்டா, கொட்டகையா: கோவையில் 1914-இல் என்ன மாறியது?

சந்தைப்பேட்டை:
"மின்சாரம் வந்தது, டென்ட் செத்தது, கொட்டகை பிறந்தது" என்று, கூடாரத்தில் ஊர் ஊராகக் காட்டிய சினிமா நிலையான கட்டடத்துக்கு மாறியதைப் பற்றி வேறொரு இழையில் ஒருவர் முடித்துவிட்டார். என்னால் ஒப்ப முடியவில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படச் சுருள்களையும் வாங்கிக்கொண்டு, சினிமா காட்ட ஊர் ஊராகப் போனார். கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான சினிமாக் கொட்டகையைக் கட்டியது 1914-இல். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததோ 1930-களில். எனவே அவரை ஓரிடத்தில் உட்கார வைத்தது மின்சாரம் இல்லை, படம் கைக்கு வந்த முறைதான். சுருளை விலைக்கு வாங்கியவரிடம் சில மணி நேரப் படம்தான் இருக்கும். ஊர் ஒரு முறை பார்த்துவிட்டால் வண்டி கட்டியாக வேண்டும். பிரான்சின் பாத்தே படக் கம்பெனி 1907-இல் சுருள் விற்பதை விட்டு வாடகைக்கு மாறியது. அந்த வழக்கம் பரவிய பிறகு சுருள் ஊர் சுற்றியது, ஆள் ஓரிடத்தில் இருந்தார்.

கார்பன் குச்சி:
கம்பியில் வருவது மட்டும்தான் மின்சாரமா? ஆயில் எஞ்சினும் டைனமோவும் இருந்தால் எந்த ஊரிலும் ஆர்க் விளக்கு, அதாவது இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் புரொஜக்டர் விளக்கு, எரியும். அது இல்லாதவர்களுக்கு லைம்லைட்: ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சுடரில் சுண்ணாம்பு உருளையைக் காய்ச்சி ஒளிர வைக்கும் விளக்கு. அதன் பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். பொட்டாசியம் குளோரேட்டை மாங்கனீசு டை ஆக்சைடோடு சூடாக்கி ஆக்சிஜன் பிடிக்க வேண்டும். ஒரு பவுண்டு குளோரேட்டுக்குச் சுமார் 4 கன அடிதான் கிடைக்கும். மாங்கனீசில் கரித்தூள் கலந்திருந்தால் பாத்திரமே வெடிக்கும். சுண்ணாம்பு உருளை காற்றின் ஈரத்தை இழுத்து உதிரும், அதனால் மூடிய டப்பாவிலேயே வைக்க வேண்டும். எரியும்போது சுடர் பட்ட இடம் குழியாகிவிடும். அடிக்கடி திருப்பாவிட்டால் திரை மங்கும். ஹைட்ரஜன் கிடைக்காத இடத்தில் ஈதர் ஆவியைப் பயன்படுத்தினார்கள். 1897-இல் பாரிஸ் தரும சந்தையில் 120 பேருக்கு மேல் கருகியது, அப்படிப்பட்ட விளக்கில் ஈதர் ஊற்றும்போது தீக்குச்சி கிழித்ததால்தான். துணிக்கூடாரத்துக்குள் இதை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவது எவ்வளவு பெரிய துணிச்சல்! எஞ்சின் வந்ததும் கட்டடம் தேடினார்கள் என்பதே என் வாதம்.

சந்தைப்பேட்டை:
எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றலாமே. கணக்கைப் பாருங்கள். தரை டிக்கெட் ஓரணா என்றே வைத்துக்கொள்வோம். 400 பேர் வந்தால் 25 ரூபாய். அதில் எண்ணெய், வண்டி, ஆள் கூலி, சுருள் எல்லாம் அடங்க வேண்டும். அந்த 400 பேர் தினமும் வருவார்களா? பொள்ளாச்சியில் வியாழக்கிழமை சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தை. மாடு விற்ற காசு மடியில் இருக்கும் ராத்திரிதான் டிக்கெட் விற்கும். சந்தை கூடும் நாளும் ஊரும் மாறிக்கொண்டே இருக்க, கட்டடம் நகராதே.

படம் ஒட்டுபவர்:
இருவருமே சுருளின் தேய்மானத்தை விட்டுவிட்டீர்கள். மௌனப் படம் வினாடிக்கு 16 ஃப்ரேம் என்று கையால் சுற்றப்பட்டது. ஒரு அடியில் 16 ஃப்ரேம், ஆகவே 1,000 அடி சுருள் 16 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். டென்ட்டில் மண்தரை, தூசி புரொஜக்டரில் சுருள் ஒளிமுன் கடக்கும் 'கேட்' என்ற சட்டத்தில் புகுந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் கோடு கிழிக்கும். சீக்கிரமே அந்தக் கோடுகளால் படத்தில் மழை பெய்வதுபோல் தெரிய ஆரம்பிக்கும். பல்சக்கரத் துளை கிழிந்தால் வெட்டி, படம் பதிந்த எமல்ஷன் பூச்சைச் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஓரிரு ஃப்ரேம் போகும், ஆள் நடக்கும்போதே துள்ளுவார். சுற்றும் கை நின்றால் இன்னும் மோசம்: எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருள் ஒளிமுன் சில வினாடி நின்றாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் கை நின்றதும் தானே விழும் தடுப்புத் தகடு வைத்தார்கள். சொந்தச் சுருள் கிழிந்தால் நட்டம் உங்களுடையது; வாடகைச் சுருளைக் கிழித்தாலோ அடுத்த சுருள் வராது. கல் தரையும் தனி ஆபரேட்டர் அறையும் தேவைப்பட்டது இதற்காகவும்தான்.

கார்பன் குச்சி:
தூசிக் கணக்கு சரி, அதை ஏற்கிறேன். ஆனால் சந்தைப்பேட்டை ஐயா, எஞ்சினை வண்டியில் ஏற்றலாம் என்பது பாதிதான் சரி. குண்டும் குழியுமான பாதையில் போன எஞ்சினை ஒவ்வோர் ஊரிலும் மட்டம் பார்த்து இறுக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் பெல்ட் வழுக்கும், டைனமோ வேகம் இறங்கும், ஆர்க் துடிக்கும். நேர்மின்சாரத்தில் நேர்முனைக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கரையும் என்பதால் அதைத் தடிமனாக எடுத்துக்கொண்டு, இடைவெளியைக் கையால் சரிசெய்துகொண்டே இருப்பார்கள். டைனமோவும் தள்ளாடினால் அந்தக் கை என்ன செய்யும்? இன்னொன்று, ராத்திரி மூன்று மணி நேரத்துக்காக வாங்கிய எஞ்சின் பகலெல்லாம் சும்மா கிடந்தால் முதல் மீளாது. வின்சென்ட் அச்சகமும் மில்லும் நடத்தியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மில் சந்தைக்குச் சந்தை நகர முடியாது.

சந்தைப்பேட்டை:
மில் விஷயம் கோவைக்குப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. சின்ன ஊர்களுக்குப் பொருந்தாது. 1918 சினிமாச் சட்டம் படம் காட்டும் இடத்துக்கு உரிமம் கேட்டது. அப்புறமும் டூரிங் டாக்கீஸ் பல பத்தாண்டுகள் ஓடியது. சுருள் வாடகைக்குக் கிடைத்தது, எஞ்சினும் கிடைத்தது, இருந்தும் கூடாரம் ஏன் போகவில்லை? இதற்குப் பதில் சொல்லுங்கள், என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

படம் ஒட்டுபவர்:
மழைக்காலத்தில் அந்தக் கூடாரங்கள் எத்தனை நாள் மூடிக் கிடந்தன என்பதிலிருந்து தொடங்குவோம். நனைந்த கித்தானைச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்துத் தையல் விட்டுப்போகும். மாற்றுக் கித்தானின் செலவைச் சேர்க்காத எந்தக் கணக்கும் டென்ட்டை மலிவாகவே காட்டும்.