ஜெஃபர்சன் தெருவின் பழுப்புப் பலகை

நேரில் ஒரு முறைகூடப் பார்க்காமல் உங்களை மாற்றிய இசைக்காரர் யார் என்று இந்த இழையில் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை எழுதியவர்கள் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டிக் கூட்டத்தை ஆட வைக்கும் ஒரு டிஜேயை. பெயர் பிராங்கி நக்கிள்ஸ். ஹவுஸ் மியூசிக் என்ற நடன இசை வகையின் தந்தை என்று சிகாகோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 ஜனவரியில் வேலை மாற்றலாகி சிகாகோ வந்தேன். ஜனவரி 6-ம் தேதி மைனஸ் 27 டிகிரி வரை இறங்கிய குளிர்காலம் அது. தினமும் யூனியன் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடப்பேன். கேனல் தெரு, கிளின்டன் தெரு, அடுத்தது ஜெஃபர்சன் தெரு. அங்கே பச்சைத் தெருப்பலகையோடு ஒரு பழுப்புப் பலகையும் இருக்கும். ஒருவரைப் பெருமைப்படுத்தத் தெருவுக்குக் கூடுதலாகப் பெயர் வைத்தால் அந்த ஊரில் அதைப் பழுப்பு நிறத்தில்தான் எழுதுவார்கள். நக்கிள்ஸ் என்ற பெயரைப் பார்த்து யாரோ குத்துச்சண்டை வீரர் என்று நினைத்தேன். மூன்று மாதம் அப்படியே கடந்து போனேன்.

ஏப்ரல் 1-ம் தேதி காலை. எங்கள் கட்டட வாசலில் ஒரு காவலாளி உண்டு. ஐம்பதைத் தாண்டிய கறுப்பினத்தவர். எல்லோரையும் பேர் சொல்லிக் கணீரென்று வரவேற்பார். அன்று தலையே நிமிரவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் நேற்றுப் போய்விட்டார்" என்றார். மதியம் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்தப் பழுப்புப் பலகையின் கீழே நின்றோம். அப்புறம் 206 சவுத் ஜெஃபர்சன் என்ற எண்ணுள்ள ஒரு செங்கல் கட்டடத்தைக் காட்டினார். மூன்று தளம், அலங்காரம் எதுவும் இல்லாத பழைய கட்டடம். "இதுதான் வேர்ஹவுஸ்."

அவர் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நக்கிள்ஸ் 1955-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே நண்பர் லாரி லெவனோடு அங்குள்ள கிளப்களில் தொழில் பழகினார். சிகாகோவில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தை வேர்ஹவுஸ் என்ற நடனக் கூடமாக மாற்றி, டிஜே வேலைக்கு முதலில் அழைத்தது லெவனைத்தான். லெவன் நியூயார்க்கை விட்டு வர மறுக்க, 1977-ல் நக்கிள்ஸ் வந்தார். மேலே உட்கார்ந்து பேச இடம், நடுவில் நடனத் தளம், கீழே தண்ணீரும் ஜூஸும். மது கிடையாது. சனி நள்ளிரவு தொடங்கினால் ஞாயிறு மதியம்வரை போகும். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தையும் லத்தீன் சமூகத்தையும் சேர்ந்த தன்பால் ஈர்ப்பினர். வேறெங்கும் கதவு திறக்காத பிள்ளைகள்.

1980-ல் காவலாளிக்கு வயது 19. ஒரு பிளாஸ்டிக் பையில் காய்ந்த சட்டை ஒன்றை மடித்து எடுத்துப் போவாராம். விடிவதற்குள் போட்டிருக்கும் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மதியம் வெளியே வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, நேராகப் பாட்டி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போவார். எந்த சர்ச்சுக்குப் போனாய் என்று பாட்டி கேட்டால் "ஜெஃபர்சன் தெருவில் இருக்கிறதே, அது" என்பாராம். பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் தெருவிலேயே நடித்துக் காட்டினார். நள்ளிரவு தாண்டி எல்லோரும் ஆட்டத்தில் கரைந்திருக்கும் நேரத்தில் நக்கிள்ஸ் விளக்குகள் அத்தனையையும் அணைத்துவிடுவார். கும்மிருட்டு. அந்த இருட்டில் தூரத்திலிருந்து ரயில் வரும் சத்தம். நெருங்க நெருங்கச் சுவரெல்லாம் அதிரும், கூடத்துக்குள்ளேயே ரயில் புகுந்துவிடும்போல இருக்கும். பயந்து கத்துவதும் சந்தோஷத்தில் கத்துவதும் ஒன்றாகிவிடும். கண்ணை மூடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஜெஃபர்சன் தெரு நடைபாதையில் நின்றபடி அந்த ரயிலை எனக்குக் காட்டினார்.

எனக்கு அது புரிந்தது. நான் செய்யாறு பக்கத்துக் கிராமத்தான். விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன். இரண்டு மணிக்குக் கண் சொக்கும் கூட்டத்தை நாலு மணிவரை எப்படிப் பிடித்து வைப்பது என்று கூத்து வாத்தியாருக்குத் தெரியும். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எப்போது பந்தத்தைக் கொளுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. அதே வித்தையை ஒருவர் இசைத்தட்டு ஓட்டும் இரண்டு டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்.

இதில் வரலாறு ஒன்றும் கலந்திருக்கிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற வானொலித் தொகுப்பாளரின் ஏற்பாட்டில் அந்தக் கால நடன இசையான டிஸ்கோவை எதிர்த்து, அதன் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி நாசம் செய்ததில் அன்று நடக்கவேண்டிய இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது நடக்கவே இல்லை. அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ். டிஸ்கோவே இல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் அந்தக் குவியலில் கிடந்ததைப் பிற்பாடு அவர் சொல்லியிருக்கிறார். 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட, முதல் ஹவுஸ் தட்டு என்று பலரும் குறிப்பிடும் 'ஆன் அண்ட் ஆன்' உருவானதில் அதே லாரன்ஸுக்குப் பங்கு உண்டு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிஸ்கோ செத்துவிட்டது என்று கம்பெனிகள் முடிவு கட்டியதும், ஆட ஏற்ற வேகத்தில் புதிய தட்டுகள் வருவது குறைந்துபோனது. சனிக்கிழமை மட்டும் வந்துகொண்டே இருந்தது, கூட்டமும் வந்துகொண்டே இருந்தது. நக்கிள்ஸ் பழைய பாட்டுகளை ரீல் டேப்பில் பதிந்து, நண்பர் ஒருவரின் உதவியோடு ரேசர் பிளேடால் வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். பாட்டில் பத்து விநாடி மட்டும் வரும் தாளப் பகுதி டேப்பில் இரண்டு நிமிடம் ஓடும். பாடகி குரலெடுக்கும் நேரம் தள்ளிப் போகும். ஆடுகிறவர் உடம்பு கேட்டுக் கேட்டு ஏங்கிய பிறகுதான் குரல் வரும். வேர்ஹவுஸில் ஒலித்த பாட்டுகளைக் கேட்டு இளைஞர்கள் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போனார்கள். கடையில் 'வேர்ஹவுஸில் கேட்டவை' என்று எழுதி வைத்தார்கள். அது சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று. ஒரு கட்டடத்தின் பெயரில் பாதி, ஒரு இசைக்கே பெயரானது.

1982-ல் அவர் வேர்ஹவுஸை விட்டு வெளியேறி பவர் பிளான்ட் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார். கிளார்க் தெருவில் இன்றும் நடக்கும் ஸ்மார்ட்பார் கிளப் திறந்தது அதே ஆண்டுதான், முதல் இரவு வாசித்தவரும் அவரே. டெட்ராயிட்டைச் சேர்ந்த இசைக்கலைஞர் டெரிக் மேயிடம், மின்னணு முறையில் தாளம் எழுப்பும் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின் ஒன்றை வாங்கி, ஓடும் பாட்டுக்கு அடியில் அதன் கனத்த கிக் டிரம் அடியைப் போட்டு ஓட்டினார். பிறகு நியூயார்க் திரும்பியது, டெஃப் மிக்ஸ் என்ற இசைத் தயாரிப்புக் குழு, உலகப் புகழ்பெற்ற பாடகர்களின் பாட்டுகளை ஆடுவதற்கேற்ப மாற்றியமைக்கும் ரீமிக்ஸ் வேலை, 1998-ல் ரீமிக்ஸ் செய்பவருக்கென்று கிராமி விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது அதை வாங்கியது என்று நிறைய இருக்கிறது, அதெல்லாம் தேடினால் கிடைக்கும். என் மனதில் நிற்பது வேறு. நோயால் ஒரு பாதத்தை இழந்த பிறகும் மனிதர் மேடைக்கு வந்துகொண்டே இருந்தார். 59 வயதில் மார்ச் 31 அன்று இறந்தார்.

அந்த ஜூலையில் காவலாளி என்னை ஜாக்சன் பார்க்கில் 'சோஸன் ஃபியூ' பிக்னிக்குக் கூட்டிப்போனார். 1990-ல் ஒரு குடும்பத்தார் கூடிச் சமைத்துச் சாப்பிட்டதில் தொடங்கி, இன்று பல்லாயிரம் பேர் வரும் ஹவுஸ் திருவிழா. கிளப் என்றால் இருட்டும் போதையும் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் உண்டு, எனக்கும் இருந்தது. இங்கே பட்டப்பகல். வரிசை வரிசையாகக் கூடாரம், அடுப்புப் புகை, மடக்கு நாற்காலி. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா விசிறியை விரித்தபடி பேத்தியோடு ஆடினார். பேத்தி அடி தப்பினால் தோளைத் தொட்டு நிறுத்தி, நாலு எண்ணி, மறுபடி சேர்த்துக்கொண்டார். அன்று நானும் ஆடினேன். 34 வயதில், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், முதல் தடவையாக.

அந்த வருடக் கடைசியில் பழைய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள் இரண்டு வாங்கினேன். ஒரு தட்டு ஸ்பீக்கரில் ஓடும், அடுத்தது ஒரு காதில் ஹெட்ஃபோனில். இரண்டின் வேகமும் சேராதபோது, இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோலக் கேட்கும். விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு, வேகம் மாற்றும் பட்டியை மயிரிழை நகர்த்தினால், திடீரென்று உரலில் ஒரே உலக்கை. அந்த நொடிக்காக எட்டு மாதம் பழகினேன்.

முதலில் வாசித்தது நண்பரின் நாற்பதாவது பிறந்தநாளில், அவர் வீட்டு கராஜில். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவராகச் சாப்பாட்டு மேஜைக்கு நகர்ந்துவிட்டார்கள். அப்போதுதான் ரேசர் பிளேடு ஞாபகம் வந்தது. ஏழு நிமிடத் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாலாவது நிமிடம் நண்பரின் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஆறாவது நிமிடத்தில் பத்துப் பேர். காத்திருக்க வைப்பதும் ஒரு உபசரிப்பு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

*

அண்ணா, படித்து முடித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறேன். உங்களுக்கு ஒரு இடம் சொல்கிறேன், ஏற்கெனவே போயிருந்தால் மன்னிக்கவும். சிகாகோவின் தென்பகுதியான சவுத் சைடில் ஸ்டோனி ஐலண்ட் அவென்யூவில் 1923-ல் கட்டிய பழைய வங்கிக் கட்டடம் ஒன்று இடிபடும் நிலையில் கிடந்தது. தியாஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர் அதை நகராட்சியிடமிருந்து ஒரு டாலருக்கு வாங்கிப் புதுப்பித்து, 2015-ல் ஆர்ட்ஸ் பேங்க் என்று திறந்தார். நக்கிள்ஸின் இசைத்தட்டுகள், கிட்டத்தட்ட 5,000, அங்கேதான் இருக்கின்றன.

நான் கட்டடக்கலை படித்தவள், கட்டடத்தைப் பார்க்கத்தான் போனேன். பெயர்ந்த காரையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறார்கள். அன்று ஒருவர் தட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பதித்து, "அம்மா, தரை துடிக்குது" என்றாள். வீட்டுக்குத் திரும்பும்வரை காரில் எதுவும் போட விடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அவ்வளவு நேரம் மது இல்லாமலே ஆடினார்களா? என் வீட்டுக்காரர் நம்பவே மாட்டேன் என்கிறார்.

*

சகோதரி, ஆர்ட்ஸ் பேங்க் போயிருக்கிறேன், ஆனால் தரையில் கை வைத்துப் பார்க்கவில்லை. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அடுத்த முறை வைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்கே மது விற்கவில்லை, அது உறுதி. போதையே இல்லாத இடம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் கால கிளப்களில் அது இருந்தது. ஆனால் மதுக்கடை இல்லாததில் ஒரு நன்மை இருந்ததாகக் காவலாளி சொல்வார். மது விற்கும் இடம் சட்டப்படி ஒரு நேரத்தில் கதவடைக்க வேண்டும். விற்காததால் விடிந்த பிறகும் நடத்த முடிந்தது. ஜன்னல் இடுக்கில் வெயில் விழுந்த பிறகு வாசித்த பாட்டுகள்தான் அவருக்கு இன்னும் மனப்பாடம். அந்த நேரத்தில் நக்கிள்ஸ் வேகத்தைக் குறைத்து, ஆடிக் களைத்தவர்களைத் தாலாட்டுவதுபோல வாசிப்பாராம்.

2023 ஜூனில் சிகாகோ நகர மன்றம் வேர்ஹவுஸ் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. கட்டடம் கை மாறிய செய்தி வந்ததும் இடித்துவிடுவார்களோ என்று பயந்து ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதில் காவலாளியும் நானும் உண்டு. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். செய்தி வந்த அன்று போனில் கூப்பிட்டேன். சமையலறையில் ஏதோ வறுத்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது. "பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், அந்த சர்ச்சை இனிமேல் இடிக்க முடியாதென்று" என்றார்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 1991-ல் வந்த நக்கிள்ஸின் 'தி விசில் சாங்' முதலில். மென்மையானது, வீட்டில் யாரும் சத்தம் என்று சொல்ல மாட்டார்கள். அடுத்து அவர் சதோஷி டோமியே, ராபர்ட் ஓவன்ஸோடு சேர்ந்து செய்த 'டியர்ஸ்', 1989. அப்புறம் ஜேமி பிரின்சிபிள் குரலில் 'யுவர் லவ்'. கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அடித்தாளம் அதில் கேட்கவே கேட்காது. நல்ல வூஃபர் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய், இரவு சாப்பாடு முடிந்த பிறகு போடச் சொல்லுங்கள்.