புதுப்பிப்பு: கோப்ளின்களுக்கு முகம் வந்தாச்சு

1980களில் சிட்டடல் நிறுவனம் வார்த்த ஈயக் கோப்ளின் (குட்டிப் பூத) பொம்மைகள் 24 கிடைத்ததையும், முன்பு வைத்திருந்தவர் அப்பியிருந்த எனாமல் பெயிண்டில் முகமே தெரியவில்லை என்பதையும் போன மாதம் புலம்பியிருந்தேன். அசிட்டோனில் போடச் சொன்னீர்கள். ஒரே ராத்திரி, பெயிண்ட் தோல் தோலாக உரிந்துவிட்டது. மிச்சத்தைப் பழைய டூத்பிரஷ் பார்த்துக்கொண்டது. கெவின் ஆடம்ஸ் வடித்த அந்தக் கோணல் இளிப்பு, பல்லிடுக்கோடு இப்போதுதான் தெரிகிறது! ஒரு கேடயம் மட்டும் பிளாஸ்டிக், கவனிக்கவில்லை. கூழாகிவிட்டது.

ஈட்டி ஒடிந்த ஆறு பேருக்கு 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகினேன். வெறும் சூப்பர் குளூவில் நிற்காது, பட்டுத் தெரிந்துகொண்டது. அரம் போடும்போது ஈரம் தொட்டுக்கொண்டு, முகமூடியோடு. சிட்டடல் பொம்மைகள் 1997 வரை ஈயக்கலவைதானே, தூள் மூக்கில் ஏறினால் விஷம்.

தலைவனுக்குக் கிரீன் ஸ்டஃப்பில் (இரு நிறப் பாகங்களைப் பிசைந்தால் இறுகும் எபாக்சி மாவு) ஓநாய்த்தோல் போர்வை. மஞ்சளையும் நீலத்தையும் பிசைந்தால் ஒன்றரை மணி நேரம் சொன்னபடி கேட்கும். விரலை நனைக்க மறந்ததில் முதுகில் என் ரேகை பதிந்துவிட்டது. ரோமம் என்று சாதிக்கப்போகிறேன்.

ஒன்பது பேர் பெயிண்ட் முடிந்தது. பச்சைத்தோலின் மேல் செம்பழுப்பு வாஷ் (இடுக்குகளில் தேங்கும் நீர்த்த பெயிண்ட்), மூக்கு நுனியில் கொஞ்சம் சிவப்பு. சளி பிடித்த மாதிரி இருக்கிறார்கள்.