டிரான்ஸ்ஃபரன்ஸ்: ‘இடமாற்றம்’ வேண்டாம், ‘சாயலேற்றம்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

பழைய உறவு ஒன்றின் உணர்வுகள் இப்போது எதிரே இருப்பவர் மேல், குறிப்பாகச் சிகிச்சையாளர் மேல், எழுவதை உளவியலில் ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: இடமாற்றம், உணர்வுக் கடத்தல், தற்குறிப்பேற்றம். ஒரு வாரமாக மூன்றையும் வாக்கியங்களில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது என்னை விடவே இல்லை. ஆனாலும் அது பக்கத்து வீட்டுக்கு உரிய சொல் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பொருள். பழைய அனுபவங்கள் இன்றைய மனத்தை எப்படி இயக்குகின்றன என்று பேசிப் பார்க்கும் உள இயக்கச் சிகிச்சையில் நான் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது சிகிச்சையாளரின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. உடனே நான் “மன்னிக்கணும், ரொம்ப இழுத்துட்டேன்” என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டேன். இன்னும் இருபது நிமிடம் மீதம் இருந்தது. அவர் சமாதானம் சொல்லவில்லை. “நான் கடிகாரத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று கேட்டார். என் பேச்சு உங்களுக்குப் பாரமாகிவிட்டது என்று தோன்றியது, என்றேன். “இதே மாதிரி வேறு யாரிடம் தோன்றியிருக்கிறது?” என்று அடுத்துக் கேட்டார்.

பதில் வரச் சில வாரங்கள் பிடித்தன. என் சிறு வயதில் அம்மா நெடுநாள் நோயில் கிடந்தார். பள்ளி விட்டு வந்ததும் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வேன். முகம் சோர்ந்திருந்தால் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிடுவேன். வளர்ந்த பிறகு நண்பர்களிடமும் மேலதிகாரியிடமும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன், திருமணத்திலும்கூட. யாரும் கேட்காமலே மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொள்வேன். “உன் மனசுல என்ன இருக்குன்னே தெரியல” என்று அவர்கள் வருந்துவார்கள். அது ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

நாம் தேடும் சொல்லுக்குள் இது அடங்க வேண்டும். பழைய உறவு இங்கே நினைவாக மட்டும் வரவில்லை. அந்த அறைக்குள், அந்த நிமிடத்தில், இன்னொருவர் மேல் நடந்துவிடுகிறது. நடப்பதால்தான் அதைப் பார்க்க முடிகிறது. உளச்சிகிச்சையாளர் டேவிட் மாலன் இதை ஒரு முக்கோணமாக விளக்குகிறார்: அன்றைய பெற்றோர், இன்றைய மனிதர்கள், எதிரே இருக்கும் சிகிச்சையாளர். மூன்று முனைகளிலும் ஒரே தடம் ஓடுவதை ஒருவர் தானே உணரும்போது, “நான் இப்படித்தான்” என்பது “நான் இப்படிப் பழகியிருக்கிறேன்” என்று ஆகிறது. எனக்கு இந்த ஒரு மாற்றம் மிகப் பெரியது. பழகியதை மெல்ல வேறு விதமாகவும் செய்து பார்க்கலாம் அல்லவா?

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு இதற்கு எடுத்துக்கொண்ட ஜெர்மன் சொல் ‘ஊபர்ட்ராகுங்’. கொண்டுசேர்த்தல் என்பது நேர்ப்பொருள். மொழிபெயர்ப்பையும் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். 1895இல் மருத்துவர் பிராயருடன் வெளியிட்ட நூலில் இதைத் ‘தவறான இணைப்பு’ என்றும் அவர் விளக்கினார். அவரிடம் சிகிச்சைக்கு வந்த, ‘டோரா’ என்ற புனைபெயர் கொண்ட பெண் 1900 டிசம்பர் 31 அன்று சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனார். 1905இல் அதைப் பற்றி எழுதும்போது, இந்த டிரான்ஸ்ஃபரன்ஸைத் தான் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று ஃப்ராய்டு ஒப்புக்கொள்கிறார். இவை பழைய உணர்வுகளின் மறுபதிப்புகள், நகல்கள் என்றும், சில அப்படியே மறுஅச்சு, சில திருத்திய பதிப்பு என்றும் அங்கே சொல்கிறார். ஆக, மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகல்தான் நகர்கிறது.

இதனால்தான் ‘இடமாற்றம்’ ஒத்துவரவில்லை. அதில் ஒன்று கிளம்பி இன்னோர் இடத்துக்குப் போய்விடுகிறது. பழைய இடம் காலியாகிறது. மேலும், ஒருவர் மேல் வந்த கோபத்தை வேறொருவரிடம் காட்டும் ‘டிஸ்பிளேஸ்மெண்ட்’டுக்கு அந்தச் சொல் தேவைப்படும். ‘கடத்தல்’ இயற்பியலில் நன்றாக இருக்கிறது, ஆனால் சிகிச்சை அறையில் ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

தற்குறிப்பேற்றத்துக்கு வருவோம். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் அசைகிறது. ‘வராதே’ என்று கோவலனுக்குக் கைகாட்டி மறித்ததாக இளங்கோவடிகள் பாடுகிறார். இயல்பாக நிகழ்வதன் மேல் தன் குறிப்பை ஏற்றுவது. கடிகாரத்தைப் பார்த்த அந்தப் பார்வையும் ஒரு கொடியசைவுதான்! ஆனால் இங்கே ஏறுவது புலவரின் சொந்தக் குறிப்பு. தன் கோபத்தைப் பிறரிடம் கண்டு “அவருக்கு என்மேல் கோபம்” என்பவர் செய்வது அதுதான். எனவே ‘புரொஜெக்‌ஷன்’ என்பதற்கு அதை அப்படியே கொடுத்துவிடலாம். நான் அறையில் ஏற்றியது என் குறிப்பு மட்டும் அல்ல, என் அம்மாவின் சோர்ந்த முகம்.

அதனால் ‘சாயலேற்றம்’ என்று முன்வைக்கிறேன். முன்பே இருந்த ஒருவரின் சாயலை இப்போது எதிரே இருப்பவர் மேல் ஏற்றுவது. என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சொல்லை வினையாக்கி, கலங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்ல முடிய வேண்டும். “உங்கள் அம்மாவின் சாயலை என்மேல் ஏற்றிப் பார்க்கிறீர்களோ?” என்று கேட்கலாம், கேட்பவருக்கு வலிக்காது, புரியவும் செய்யும். “என்மேல் உணர்வை இடமாற்றுகிறீர்களோ?” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாயல் என்றால் முக ஒற்றுமை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ‘ஏற்றம்’ என்ற பின்பாதி அதைத் திருத்திவிடுகிறது: சாயல் அங்கே இல்லை, நாம் ஏற்றியது. ‘உறவேற்றம்’ என்றும் யோசித்தேன். உறவு மேம்படுவது போல ஒலித்ததால் விட்டுவிட்டேன்.

அப்புறம், வந்திருப்பவர் மேல் சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வு, அதாவது ‘கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்’. ‘எதிர்ச்சாயலேற்றம்’ நீளம்; ‘எதிரேற்றம்’ போதும் என்று நினைத்தேன். ஆனால் 1950இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் இதைப் பற்றி எழுதிய பிறகு, அந்த உணர்வு எதிரே இருப்பவரைப் புரிந்துகொள்ள உதவும் கருவியாகவும் பார்க்கப்படுகிறது. அந்தப் பொருளில் சிகிச்சையாளர் எதையும் ஏற்றவில்லை, தன்மேல் ஏற்றப்பட்டதற்கு அதிர்கிறார். ‘எதிரதிர்வு’ என்று வைத்தால் இதுவும் அடங்குமா? சிகிச்சை அறையில் அந்தப் பக்கம் அமர்ந்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.