அம்மம்மா 31ம் நாள் – எல்லாரும் (வாட்ஸ்அப் குறூப்)

சித்தி: சனிக்கிழமை சமையல் கிடாரமும் கதிரையும் ஆர் கொண்டு வாறது? அண்ணை உங்கட 7 சீட்டர்ல வைக்கலாமே

பெரிய மாமா: வாட்ஃபோர்ட்டில இருந்து ஹரோவுக்கு 20 நிமிச ஓட்டம். அதுக்கு யூலெஸ் எண்டு, புகை கூடின பழைய கார் லண்டனுக்க ஓட ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட்ஸ். பெத்த தாயின்ர காரியத்துக்கு வரவும் காசு. பகல் கொள்ளை

தம்பி: ராவு 12 தாண்டினா இன்னொரு 12.50 மாமா

பெரிய மாமா: பாத்தீங்களோ

அக்கா: மாமா கோவிக்காதேங்கோ, கொள்ளை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 2023 ஆகஸ்ட்ல முழு லண்டனுக்கும் கொண்டு வந்தது டீசல் புகையில வாற நைட்ரஜன் டைஒக்சைட்டுக்காகத்தான், அது கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குழாயை வீங்கப் பண்ணும், சின்னனுகளைத்தான் கூடப் பாதிக்கும். லண்டன் லூயிஷம்ல எலா எண்ட 9 வயசுப் பிள்ளை 2013ல முட்டு (ஆஸ்துமா) வந்து செத்தது, வீடு வாகனம் நெரியிற சவுத் சர்க்குலர் றோட்டுக்குக் கிட்ட, காத்து மாசும் ஒரு காரணம் எண்டு 2020ல மரண விசாரணையில தீர்ப்பே வந்தது. என்ர மகன் பம்ப் இல்லாம பள்ளிக்கூடம் போறேல்ல, தெரியும்தானே. யூலெஸ் இல்லாட்டி இருந்திருக்கிறதை விட 2024ல றோட்டோரத்தில இந்த வாயு 27 வீதம் குறைவு எண்டு மேயர் ஒஃபிஸ் கணக்குச் சொல்லுது

சித்தி: கதிரை?

மச்சான்: கோயில்ல கேப்பம்

பெரிய மாமா: பிள்ளை, 2001ல கார்பன் குறைஞ்ச காருக்கு றோட் டெக்ஸைக் குறைச்சு சனத்தை டீசல் பக்கம் தள்ளினதும் கவுண்மெந்துதான். நான் 2012ல வாங்கேக்க ஒருத்தரும் வாய் திறக்கேல்ல

அக்கா: அது உண்மை மாமா, உங்களில பிழையே இல்ல. டீசல் கார்ல, சோதினையில மட்டும் புகை குறையிற மாதிரி சொஃப்ட்வெயர் வச்சு ஃபோக்ஸ்வாகன் கொம்பனி 2015ல பிடிபட்டது. பழைய காரைக் குடுத்தா 2000 பவுண்ட்ஸ் எண்டு தந்ததும் லண்டன் ஆக்களுக்கு மட்டும், பக்கத்தில இருக்கிற வாட்ஃபோர்ட்டுக்கு இல்ல, அது அநியாயம்தான். அதுக்காக சட்டமே வேண்டாம் எண்டா பிள்ளையள் எந்தக் காத்தைக் குடிக்கிறது

பெரிய மாமா: கொப்பர் அந்தச் சீட்டுக் காசைத் தரட்டும், நாளைக்கே கார் மாத்துறன்

சித்தி: அண்ணை இப்ப அது வேண்டாம்

மாமி: ஐயர் 7 மணிக்கே வாறாராம். எள்ளு ஆர் வாங்கினது?

தம்பி: எள்ளு இருக்கு. தர்ப்பை இல்ல

மச்சான்: என்ர ஹைபிரிட்டுக்கு காசு இல்ல. நான் வாட்ஃபோர்ட் வந்து கிடாரத்தை ஏத்துறன். மாமாவும் அதிலயே வாங்கோ

பெரிய மாமா: பாப்பம்

பெரிய மாமா: பிள்ளை, அவன் ராவு இருமினவனே?

அக்கா: ரெண்டு தரம் எழும்பினவன் மாமா. இப்ப நித்திரை

சித்தி: அப்ப கதிரைக்கு ஆர் கோயிலுக்கு ஃபோன் எடுக்கிறது